ஒட்டாத பத்து

“கோயில் வாசல்ல வச்சு, அத்தன பேரு பாக்க, குடிச்சிருக்கேன்னு சொல்லிட்டியே பெர்னா, நான் அந்த ஜாடியத் தொட்டதுகூடக் கெடையாதேளா.” ஒரு மனுஷி இதையே எத்தனை தடவை சொல்வாள். சொன்னது ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்குச் செவ்வாய். சொன்ன மைனி பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் வாயைத் திறந்துபோட்டுத் தூங்குகிறாள், மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் தூங்கவில்லை. என் காதுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது, நானும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். குடிச்சிருக்கேன்னு நான் சொல்லவே இல்லை மைனி. அந்த வார்த்தை என் வாயில் வரவே இல்லை. நான் சொன்னது என்ன, ‘இந்த வருஷம் கிறிஸ்மஸ் வைன் ஜாடிக்குப் பூட்டு போடணும் போலருக்கே’, அவ்வளவுதான். பூசை முடிந்து படி இறங்கும்போது நீங்கள் தள்ளாடிப் போய்க் கன்சோலா டீச்சர் தோளைப் பிடித்தீர்கள், அவள் புதுச் சேலையைப் பிடித்து இழுத்தீர்கள், ஊசி விட்டுப்போய் முந்தானை இறங்கிவிட்டது, எல்லாரும் பார்க்கிறார்கள், என்னதான் சொல்வது, ஏதாவது சொல்ல வேண்டாமா, சொன்னேன். சிரித்தது கன்சோலா டீச்சர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சரி, சிரித்தேன். கொஞ்சம் சிரித்தேன். அவர்கள் சிரிக்கும்போது நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க முடியுமா. மைனியும் சிரித்தாள். ஒன்றும் புரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று, வழக்கம்போல உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வலிப்பு மாத்திரை தின்று தின்று ஈறு தடித்துப்போய்ப் பாதிப் பல்லை மூடியிருக்கும் அவளுக்கு, பதினாறு வயதிலிருந்தே பொத்திக்கொண்டுதான் சிரிப்பு. என் வீட்டுக்காரர் இசிதோருக்கு மூத்த அக்கா. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலில் வெற்றிலைத் தட்டோடு நின்று இப்படிக் கையை வாயில் வைத்துக்கொண்டுதான் என்னைப் பார்த்தாள். நான் இவள் என்னைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு வருஷம் அப்படியே நினைத்தேன். எனக்கு ஒன்றை நினைத்துவிட்டால் அதை விடுவது கஷ்டம்.

டாக்டர் முத்தரசிக்கு என் மகள் ரெமியைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். காலையில் வந்தாள், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு, “ஆன்ட்டி, வலிப்பு மாத்திரை வெஷமாகி இருக்கு” என்றாள். விஷமா, டெஸ்டில் கம்மி என்றல்லவா வந்தது, போன மாதம் எடுத்த ரத்தத்தில் மாத்திரை அளவு கம்மியாக இருக்கிறது என்று லேபிலிருந்து போனில் சொன்னார்களே, இந்தக் காதால் கேட்டேனே என்றேன். இவளுக்கு என்ன தெரியும் என்ற குரலில்தான் கேட்டேன், எனக்கு வேறு குரல் வராது. அவள் கோபப்படவில்லை. கட்டில் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். மாத்திரை ரத்தத்துக்குள்ள போனதும் அல்புமின்னு ஒரு புரதம் இருக்கு, அதைப் போய்ப் பிடிச்சுக்கும் ஆன்ட்டி. நூறு பங்குல தொண்ணூறு பங்கு அது மேல ஒட்டிக்கிட்டு சும்மா சுத்தி வரும், நல்லதும் பண்ணாது கெட்டதும் பண்ணாது. ஒட்டாம நிக்குற பத்துதான் மூளைக்குள்ள போகும், வலிப்பைப் பிடிச்சு நிறுத்துறது அந்தப் பத்துதான். இவங்களுக்குக் கிட்னி வழியா புரதம் ஒழுகிப்போயிருக்கு, கால் வீங்கியிருக்கு பாருங்க. ஒட்டுறதுக்கு எடமே இல்ல. பத்து நிக்க வேண்டிய எடத்துல இருபது, இருபத்தஞ்சு தனியா சுத்துது. லேப்ல சொல்றது மொத்தக் கணக்கு, ஒட்டுனது ஒட்டாதது ரெண்டும் சேத்து. மொத்தம் கம்மியா இருக்கும், உள்ள ஆளு மெதந்துக்கிட்டு இருப்பாங்க. தள்ளாடுவாங்க, நாக்குக் குழறும், ரெண்டு ரெண்டா தெரியும். பாக்குறவங்களுக்குக் குடிச்ச மாதிரியே இருக்கும். கடைசி வாக்கியத்தை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. நான் படித்த கான்வென்டில் காலையில் சிஸ்டர் இமெல்டா தலை எண்ணுவார், நாற்பத்திரண்டு, சரி, என்று புத்தகத்தை மூடுவார். எண்ணிக்கை சரிதான். பெஞ்சில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம், வராந்தாவில் எத்தனை பேர் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த எண்ணிக்கையில் எழுதியிருக்காது. அது எனக்கு உடனே புரிந்துவிட்டது, நான் மக்குக் கிடையாது. புரிந்ததும் உட்காரலாம் போலிருந்தது, நாற்காலியில் இசிதோரின் பை இருந்தது, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஃப்ளாஸ்க் இடித்தது.

கம்மி என்றால் என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள், யாரும் என்ன நினைப்பார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்றுதானே. அதற்கு முந்தின வாரம்தான் மைனி, “இந்த மாத்திரதான் பெர்னா என்னயத் தள்ளுது, ரெண்டு நாளைக்கு விட்டுப் பாப்பமா” என்று கேட்டிருந்தாள். ஆகவே திருடி கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு ஒரு சந்தோஷம். ஆமாம், சந்தோஷம், வேறு என்ன சொல்வது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் நானே முந்திக்கொண்டு சொன்னேன், “இவங்க மாத்திரைய ஏமாத்துறாங்க டாக்டர், துப்பிருவாங்க.” துப்பி நான் பார்த்ததே இல்லை. தலையணைக்கு அடியில், ஜன்னல் இடுக்கில், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினேன், ஒரு மாத்திரை கிடைக்கவில்லை. கிடைக்காததும் அவள் கெட்டிக்காரத்தனம் என்று வைத்துக்கொண்டேன். மைனி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், மடியில் கையை வைத்துக்கொண்டு, டாக்டர் முகத்தைப் பார்த்து, “இல்ல சார், போடுதேன்” என்றாள். குழறிச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். இங்கிலீஷில் கேட்டார், நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். என் இங்கிலீஷ் நன்றாக இருக்கும். மாத்திரையைக் கூட்டி எழுதினார். அதற்குப் பிறகு ராத்திரிதோறும் நானே கொடுத்தேன், நின்று பார்த்தேன், வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சிஸ்டர் இமெல்டா இருமல் மருந்துக்கு எங்களை அப்படித்தான் செய்வார். அறுபத்தாறு வயது மனுஷி நாக்கைத் தூக்கிக் காட்டினாள். தடித்த ஈறு தெரியும் என்று கையைக் கொண்டுபோவாள், நான் கையைத் தட்டிவிடுவேன். தட்டிவிட்டேன் என்றால் அடிக்கவில்லை. மெதுவாக. சரியாக மெதுவாக இல்லை. “நீ ரெண்டா தெரியுத பெர்னா” என்றாள் ஒருநாள் தண்ணீர் டம்ளரைத் தேடிக்கொண்டே. “ஒண்ணையே உங்களால தாங்க முடியல, ரெண்டு எதுக்கு” என்றேன். அதற்குக்கூடச் சிரித்தாள். இசிதோர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “ஏய், போதும் விடு” என்றார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார், பேப்பரை இறக்காமல்.

புதினா மிட்டாய் வேறு. எந்நேரமும் வாயில் ஒரு புதினா மிட்டாய். வாசனையை மறைக்கத்தான் என்று நான் முடிவு கட்டினேன். குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது அவளுக்கு, அதற்குத்தான் என்று இப்போது தெரிகிறது, அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு எல்லாம் தெரியும். ஜாடியைத் திறந்து பார்த்தாயா என்றால் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் வைன் வடிகட்டி ஜாடியில் ஊற்றி, துணி போட்டு, நூல் கட்டி, மெழுகு வைத்துவிட்டால் கிறிஸ்மஸ் ராத்திரிப் பூசை முடிந்து வந்துதான் திறப்பது, அதற்கு முந்தித் திறந்தால் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் காலத்திலிருந்து. இந்த மாதிரி ஆகும் ஆகாது என்பதையெல்லாம் நான் நம்புகிற ஆள் கிடையாது. ஆனால் இதை மட்டும் மீறினதில்லை. நாலடி நடந்து அலமாரியைத் திறந்து ஜாடிக் கழுத்தைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். துணியைப் பிரிக்கக்கூட வேண்டாம், முடிச்சைப் பார்த்தால் போதும். இன்று காலை மைனிக்கு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அலமாரியைத் திறந்தேன். முடிச்சு நான் போட்ட முடிச்சு, இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, மெழுகில் என் பெருவிரல் ரேகை. அப்படியே இருக்கிறது. நைட்டியை எடுக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எறும்பு ஒன்று மெழுகைச் சுற்றி வந்தது. நான் ஏதோ சந்தோஷப்படுவேன் என்று நினைத்து யாரோ வைத்துவிட்டுப்போன மாதிரி இருந்தது அந்த ஜாடி, நிறைய, கழுத்து வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த பிறகும் நான் விட்டிருக்கலாம். அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள், கோயில் வாசல்ல வச்சு, அத்தன பேரு பாக்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா, “அப்பிடின்னா இந்தக் கோட்டுல நேரா நடந்து காட்டுங்க பாப்போம்.” கூடத்தில் மொசைக் தரை, நடுவில் ஒரு கறுப்புக் கோடு, வாசலிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் ஓடும். கான்வென்டில் தலையில் அட்லஸை வைத்து எங்களை இப்படித்தான் நடக்கவிடுவார்கள், புத்தகம் விழாமல் கடைசி வரை நடந்தவர்களில் நான் எப்போதும் ஒருத்தி. மைனி செருப்பைக் கழற்றினாள். ஏன் கழற்றினாள், அதுதான் எனக்குப் புரியவில்லை, ஏதோ பீடத்துக்குப் போகிற மாதிரி கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, கோட்டில் ஒரு கால் வைத்தாள். அடுத்த கால் கோட்டுக்கு வெளியே. திருப்பி வந்து மறுபடியும் வைத்தாள், மறுபடியும் வெளியே. வீங்கின பாதம், கட்டை விரலில் நகச்சாயம், ரெமி போன தடவை வந்தபோது போட்டுவிட்டது, பாதி உரிந்துபோனது. மூன்றாவது தடவை சாப்பாட்டு மேஜையில் போய் இடித்தாள். “பாத்தீங்களா” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பாத்தீங்களா, அவ்வளவுதான். அதன் பிறகு அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டேன். அலமாரிச் சாவி, பண்டக அறைச் சாவி, ஒன்றுக்கும் ஆகாத ஒரு பெரிய இரும்புச் சாவி, பழைய வீட்டுப் பெட்டகத்துடையது. வலிப்பு வருவதற்கு முந்தி மைனிக்குப் புகை வாசனை வரும். “வருது பெர்னா” என்பாள், இடுப்பிலிருந்து கொத்தை இழுத்து அந்த இரும்புச் சாவியை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், நான் ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்கு அடியில் கையைக் கொடுப்பேன். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்குமா, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், சயன்ஸில் முதல் மார்க் வாங்கினவள் நான். சொன்னாலும் பிடுங்கினதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவை. அவள் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், கொசுவம் அவிழ்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. ராத்திரி மாத்திரை கொடுத்தேன், நாக்கைத் தூக்கினாள். திங்கட்கிழமை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் மகளுக்கு முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் பிய்த்துப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருக்கிறாள். அதுவும் இந்த அல்புமின்தானே, வெள்ளைக் கரு, பள்ளிக்கூடத்தில் படித்தோமே. மைனி அக்டோபரில் ஜெபமாலை மாதத்திலிருந்து முட்டையை விட்டுவிட்டாள், ஒறுத்தல், வேண்டுதலுக்காக. ரெமிக்கு இரண்டு தடவை தங்கவில்லை, இந்தத் தடவையாவது பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று. என் மகளுக்காக. நான் என் மகளுக்காக ஒன்றையும் விடவில்லை, காப்பியைக்கூட. அவள் முட்டையை விட்டதில் மிச்சமான முட்டையெல்லாம் என் கேக்குக்குத்தான் போனது. காலையில் டாக்டரிடம் கேட்டேன், முட்டை தின்னாததுதான் காரணமா என்று. “சே சே, ரெண்டு மாசம் முட்டை சாப்பிடாம இருந்தா இப்பிடி ஆகாது ஆன்ட்டி, இது கிட்னி” என்றாள். தலையை ஆட்டினேன். ஆனாலும் அந்த அம்மாள் பிய்க்கிற வெள்ளையைப் பார்க்க முடியவில்லை. மிக்ஸியில் அடித்து நுரை நுரையாக, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத மாதிரி நான் அடித்த வெள்ளை. வேறு பக்கம் பார்த்தால் சொட்டு மருந்து. சொட்டு, சொட்டு. இது மருந்துகூட இல்லையாம், வெறும் உப்புத் தண்ணீராம். இதுக்கு முறிவு மருந்து கிடையாது ஆன்ட்டி, மாத்திரையை நிறுத்திட்டோம், தானா எறங்கணும், மெதுவாத்தான் எறங்கும், வலிப்பு வராமப் பாத்துக்கணும். அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள், பேனாவைத் திறந்துகொண்டு, எப்பலேருந்து நடை தடுமாறுது. நான் சொன்னேன், முந்தாநேத்துலேருந்து. அவள் எழுதிக்கொண்டாள். நேர்கோட்டுல நடக்கச் சொல்லிப் பாத்தீங்களா, அது எங்களுக்கு ஒரு டெஸ்ட், அதான் கேக்குறேன். இல்ல டாக்டர், அதெல்லாம் பாக்கல. அவள் அதையும் எழுதிக்கொண்டாள். இசிதோர் பக்கத்தில்தான் நின்றார். அவர் என்னைப் பார்த்தார். போதும் விடு என்றுகூடச் சொல்லவில்லை. கேன்டீனுக்குப் போகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை.

முந்தாநாள் இல்லை. நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாளில் மாமியார் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனபோதே மைனி பக்கத்துக் கல்லறைச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் நேரமாகுது வாங்க என்றேன். ஒரு மாதத்துக்கு மேல். ஒரு மாதம் என்றால் டாக்டர் வேறு மாதிரி நினைப்பாளோ, வேறு ஏதாவது பார்ப்பாளோ, தலையைப் படம் எடுப்பாளோ, முந்தாநாள் என்று நம்பி எதையாவது செய்யாமல் விட்டுவிடுவாளோ. எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டு இப்போது எதுவும் தெரியவில்லை. சொன்னால் என்ன ஆகும், முகம் போகும், அவ்வளவுதானே. கன்சோலா டீச்சர் முன்னால் மைனிக்குப் போகவில்லையா. நர்ஸ் ஜெபக்கனி சொட்டைப் பார்க்க வந்தாள். “சிஸ்டர், டாக்டரக் கூப்புடுங்க” என்றேன். “ரவுண்ட்ஸுக்கு வருவாங்கம்மா.” “ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியாது, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்.” என் குரல் எனக்கே சண்டை போடுகிற மாதிரி கேட்டது. அவள் சொட்டுக் குழாயை விட்டுவிட்டுத் திரும்பினாள், “என்ன பொய்?” “ஒரு மாசத்துக்கு மேலயே தள்ளாடுறாங்க. கோட்டுல நடக்கவச்சுப் பாத்தேன், நடக்க முடியல. மாத்திரைய ஒருநாளும் துப்புனது கெடையாது. துப்புறாங்கன்னு பழைய டாக்டர்ட்ட நான்தான் சொன்னேன், அதனாலதான் மாத்திரை கூடுச்சு. எழுதுங்க.” முட்டை ஊட்டிக்கொண்டிருந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. நர்ஸ் உள்ளங்கையிலேயே ஏதோ எழுதிக்கொண்டாள், “மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதாம்மா” என்றாள், திட்டக்கூட இல்லை, வேகமாகப் போய்விட்டாள். செருப்புச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. ஒன்றும் லேசாகவில்லை. சொன்னால் லேசாகும் என்று கான்வென்டில் சொல்லித்தந்தது பொய்.

கைப்பையில் சாவிக்கொத்து இருந்தது. காலையில் அலமாரியைப் பூட்டிவிட்டு அப்படியே போட்டது. எடுத்தேன். இரும்புச் சாவி ஜில்லென்று இருந்தது, வாயில் வைத்தால் என்ன ருசி வருமோ அந்த வாசனை. குழாய் இல்லாத கையை விரித்தேன், கனமாக இருந்தது, எனக்குத் தெரிந்த கைதான், ரெமி பிறந்தபோது என்னிடமிருந்து பிள்ளையை முதலில் வாங்கின கை, வலிப்பு வந்துவிட்டால் போட்டுவிடுவேன் என்று பயந்து உடனே திருப்பிக் கொடுத்த கை. சாவியை உள்ளங்கையில் வைத்தேன். வைத்து விரலை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன், என் கையை எடுத்ததும் திறந்துகொண்டன. மறுபடியும் மடக்கினேன். சாவி நழுவிப் போர்வையில் விழுந்தது, சத்தமே வரவில்லை. எடுத்துத் திரும்ப வைத்தேன். “மைனி” என்றேன். கண் இமைக்குள் விழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. “மைனி, நான் பெர்னா. ஜாடிக்கட்டு அப்பிடியே இருக்கு மைனி, நீங்க தொடல, கிறிஸ்மஸுக்குக் கன்சோலா டீச்சர் வீட்டுக்கு வரும்போது நானே சொல்றேன், அவ வராட்டி நான் கோயில் வாசல்ல நின்னு சொல்றேன். இதக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. நான் கைய எடுக்கப்போறேன். பிடிங்க மைனி.”